கப்பைத் திறப்பதற்கு முன்

அண்ணன் ஒரு காலி பாட்டிலோடு அவள் அறைக்குள் வந்தான். இருமல் மருந்து பாட்டில். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தான். நன்றாகக் கழுவியிருந்தான். கழுத்தில் ஒரு சொட்டு நீர் மட்டும் நின்றது.

"பூனை, ஒரு சாம்பிள் வேணும்."

பூனை என்பது அவன் வைத்த பெயர். நடந்தாலும் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது என்பதால். அவள் வேலை பார்ப்பது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். தெருவில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தாலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இவளிடம்தான் வருவார்கள். அதனால் துணி மடிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"இந்த பாட்டில் ஆகாது. நாளைக்கு ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டு வர்றேன். குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டுட்டுத்தான் பிடிக்கணும். முதல்ல வர்ற தண்ணி வேண்டாம்."

"குழாய்த் தண்ணி இல்ல."

"பின்ன?"

"உன்னுது."

அவள் திரும்பினாள். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான்.

"நாளைக்குக் காலையில வண்டி வருது. டெஸ்ட் வண்டி. வாட்ச்மேன் காதுல போட்டாரு. காலை ஷிப்ட் ஆபரேட்டர் எல்லாரும் ஒண்ணுக்கைக் கப்புல பிடிச்சுக் கொடுக்கணும்."

இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்து ஏற்றி அனுப்பும் யார்டில் அவன் கிரேன் ஆபரேட்டர். கிழக்குக் கிரேன் அவனுடையது. அப்படித்தான் சொல்வான், ஏதோ சொந்தமாக வாங்கியது போல. மேற்குக் கிரேனை ஓட்டியவன் இப்போது வேலையில் இல்லை. ஒரு கட்டுக் குழாயைக் கீழே நின்ற ஆளின் காலில் இறக்கிவிட்டான். போலீஸ் வந்தபோது அவன் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. அதிலிருந்துதான் இந்த வண்டி, இந்தக் கப்பு எல்லாம்.

அண்ணன் எதற்குப் பயப்படுகிறான் என்று அவள் கேட்கவில்லை. கஞ்சா வாசனை அவன் சட்டையைத் துவைக்கப் போடும்போதே தெரியும். அண்ணிக்கு அதை பீடி வாசனை என்று சொல்லி வைத்திருந்தான்.

"லீவு நாள்ல மட்டும்தானே?" என்றாள்.

"ஆமா." ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"அது உடம்பை விட்டு லேசுல போகாது. கொழுப்புல போய் உக்காந்துக்கும்."

"எனக்கு எங்கடி கொழுப்பு? எலும்பும் தோலுமா இருக்கேன்னு உங்க அண்ணி தினமும் புலம்புறா."

"வாயில இருக்கே."

சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பாட்டிலை இருவருக்கும் நடுவே மேசைமேல் வைத்தான்.

"உன் ஃப்ரெண்ட்ஸ்ல யாரையாவது கேளேன்."

"என் ஃப்ரெண்ட்ஸ்ல சுத்தமானவன் ஒருத்தனைச் சொல்லு பாப்போம்."

யோசித்துப் பார்த்தாள். யாரும் அகப்படவில்லை.

"அண்ணி?"

"அவகிட்ட கேட்டா கம்பெனி டெஸ்டே தேவைப்படாது. அவளே இங்கயே பண்ணி முடிச்சிடுவா." குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கணும். ஆம்பளயோடதா பொம்பளயோடதான்னு அதுல தெரிஞ்சிடுமா?"

"அதைப் பாக்க மாட்டாங்க," என்றாள். உண்மையைச் சொன்ன பிறகுதான் தப்பு செய்துவிட்டோம் என்று உறைத்தது. தெரியும் என்று சொல்லியிருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். அவசரமாகச் சேர்த்தாள். "ஆனா சூடு பாப்பாங்க. கப்புலயே ஒரு பட்டை ஒட்டியிருக்கும். உடம்புச் சூடு இல்லேன்னா அங்கயே மாட்டிக்குவே."

அண்ணன் தலையாட்டினான், அவள் ஏதோ யோசனை சொல்லிக் கொடுத்தது போல.

"நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கன்னு சொன்னியே," என்றாள். "கப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி நாமளா சொல்லிட்டா வேலையை விட்டு எடுக்க மாட்டாங்கன்னு. வைத்தியமும் பாப்பாங்கன்னு."

"சொன்னான் ஒருத்தன். இப்ப அவன் கையில துடைப்பம். யார்டு முழுக்க அவனைச் 'சாமியார்'னுதான் கூப்பிடுறாங்க. காலையில வந்ததும் வரிசையா நின்னு ஆசீர்வாதம் கேக்குறானுங்க."

"வேலை இருக்குல்ல?"

"மேல இருந்தவன் கீழ இறங்கிக் குப்பை கூட்டுறது ஒரு வேலையா? அப்படி நிக்கிறதுக்கு ஊரை விட்டே போயிடலாம்."

முன்னறையில் குழந்தை அழுதது. அண்ணி குரல் கொடுத்தாள். "என்னங்க, அண்ணனும் தங்கச்சியும் கதவைச் சாத்திக்கிட்டு என்ன ரகசியம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முஷ்டியை மடக்கி உயர்த்தினான். நிறுத்து. கிரேன் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது; கீழே நிற்பவன் கையால் பேசுவான், மேலே இருப்பவன் அதைப் பார்த்து ஏற்றுவான், இறக்குவான். அந்தக் கைப்பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாண வீடுகளில் அவள் யாரோடும் பேச முடியாமல் மூலையில் நிற்கும்போது அண்ணன் தூரத்திலிருந்து விரலைச் சுழற்றுவான்: தூக்கு, கிளம்பலாம். அவளுக்கு அதைவிடப் பிடித்த மொழி இல்லை.

"தண்ணி டெஸ்ட்டுடி!" என்று அண்ணன் வெளியே பார்த்துக் கத்தினான். பிறகு அவளிடம் பாட்டிலை நீட்டினான். குரலில் கிண்டல் இல்லை.

"இந்த வீட்டுல சுத்தமா இருக்கிறது நீ ஒருத்திதான். வேற யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

பாட்டிலை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

வாளியில் குழந்தையின் துணிகள் ஊறின. குழாயைத் திறந்துவிட்டாள். வெளியில் நிற்பவனுக்குச் சத்தம் கேட்க வேண்டும். பிறகு கவிழ்த்து வைத்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள்.

தன் சாம்பிளில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது. பச்சை அட்டை, நீளமான வெள்ளை மாத்திரை. முதல் மாத்திரையிலேயே வலி போனது. கூடவே இன்னொன்றும் போனது. அன்று பார்க்க வந்த உறவினர்களோடு அவள் பேசினாள். எதிர்க் கேள்வி கேட்டாள். ஜோக் சொன்னாள். அண்ணி வியந்துபோய், "அடிக்கடி விழுடி," என்றாள்.

எலும்பு கூடியது. வேலைக்குத் திரும்பினாள். ஆலைகளுக்கு போன் செய்து உங்கள் தண்ணீர் தேறவில்லை என்று சொல்வதும் அவள் வேலைதான். முன்பெல்லாம் போனைக் கையில் எடுத்தாலே உள்ளங்கை வியர்க்கும். மாத்திரை போட்ட நாளில் வியர்க்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. யார்டுக்குப் போகும் வழியில் உள்ள மருந்துக் கடையில் வாங்கினாள். அதே அட்டையை வாங்க வரும் பையன்களைக் கடைக்காரர் பின்பக்கமாக வரச் சொல்வார். அவளுக்கு முன்பக்கத்திலேயே, பழுப்புக் கவரில் போட்டு, "மேடம்" என்று கொடுப்பார்.

இன்று காலையில் சாப்பிட்டாள். மதியமும்.

இதை நிரப்பிக் கொடுத்தால் அண்ணன் தன் குற்றத்துக்குப் பதிலாக அவளுடையதைச் சுமந்துகொண்டு போவான். அதுவும் மேற்குக் கிரேன்காரன் பையில் இருந்த அதே மாத்திரை. வேலை போவதோடு நிற்காது. வெறும் தண்ணீரைக் கொடுத்தால்? அதைக் கண்டுபிடிக்காதவர்கள் பரிசோதனைக்கு வண்டி எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். கொடுக்க முடியாது என்று சொன்னால், ஏன் என்று கேட்பான்.

கதவு தட்டப்பட்டது. "என்னடி, கிணறு வெட்டுறியா?"

குழாயை மூடினாள். வெளியே வந்து காலி பாட்டிலை நீட்டினாள்.

"வரலையா?"

"கொடுக்க முடியாது, அண்ணா."

"ஏன்?"

தரையைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "சுத்தமில்ல," என்றாள்.

அண்ணன் முகம் சட்டென்று மாறியது. காது சிவந்தது. பாட்டிலை வெடுக்கென்று வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"அடச்சே. சரி சரி. நான் ஒரு மடையன். மாசா மாசம் வர்றதுதானே… முன்னாடியே சொல்லக் கூடாதா? போ, போய்ப் படு. வெந்நீர் வேணும்னா அண்ணியைக் கேளு."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அதற்குள் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் பொய் சொல்லவில்லை. சொன்னது உண்மை. கேட்டவன் அதை வேறு அலமாரியில் வைத்துவிட்டான். திருத்த வேண்டியது அவள்தான். ஓடிப்போய்த் தெருவில் நிறுத்தித் திருத்தியிருக்கலாம். அவள் படுக்கையில் உட்கார்ந்து மீதித் துணிகளை மடித்தாள். அண்ணன் திரும்பி வந்தபோது விசிலடித்துக்கொண்டு வந்தான். அந்த விசில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

காலையில் அண்ணியின் குரல்தான் எழுப்பியது.

"ஃப்ளாஸ்க்கைக் காணோம். குழந்தைக்கு வெந்நீர் வைக்கிற ஃப்ளாஸ்க். நேத்து இங்கதானே கவுத்து வெச்சேன்? காலு முளைச்சா போயிடுச்சு?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சூடு பாப்பாங்க. அவளே சொல்லிக் கொடுத்தது.

"அண்ணன் எங்க?"

"இப்பதான் நடந்து கிளம்பினாரு. காபிகூடக் குடிக்கல. என்னடி, நீயும் எங்க ஓடுற? தலையாவது சீவிட்டுப் போ!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். மாத்திரை போடவில்லை என்பது தெருமுனையில்தான் நினைவுக்கு வந்தது. நிற்கவில்லை.

மருந்துக் கடை வாசலில் அவனைப் பிடித்தாள். கடை இன்னும் திறக்கவில்லை. ஷட்டர் இறங்கியிருந்தது. அண்ணன் தோளில் சாப்பாட்டுப் பை. பையில் நீல ஃப்ளாஸ்க்கின் மூடி தெரிந்தது. அதில் ஒரு முயல் படம் இருந்தது.

"அது யாரோடது?"

"எது?"

"ஃப்ளாஸ்க்குக்குள்ள இருக்கிறது."

அண்ணன் சிரித்தான். "பூனைக்கு மூக்கு வேர்த்துடுச்சு. கொக்கியோடது."

கொக்கி என்பது கீழே நின்று கட்டுகளுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவன். அண்ணனின் நண்பன். குழாய்க் கட்டு விழுந்து கால் போனது அவனுக்குத்தான்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் அவன் பீடிகூடத் தொடல. வீட்டை விட்டே வெளிய வரல. இன்னைக்குத் தேதிக்கு அவனைவிடச் சுத்தமானவன் எவன்? கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சான். 'காலைத்தான் கம்பெனிக்குக் கொடுத்தாச்சு, இதையும் வாங்கிக்கச் சொல்லு'ன்னான்."

"அவர் வலிக்கு என்ன சாப்பிடுறார்?"

"டாக்டர் கொடுத்த மாத்திரை."

"வெள்ளையா, நீளமா? பச்சை அட்டை?"

"ஆமா, ஏதோ ஒரு அட்டை. உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணா, அதைக் கொடுக்காத. அது டெஸ்ட்ல வரும்."

"என்னடி உளறுற? டாக்டர் கொடுத்த மருந்து எப்படிப் போதையாகும்?"

"மேற்குக் கிரேன்காரர் பையில இருந்ததும் அதுதான்."

"அவன் திருட்டுத்தனமா வாங்கித் தின்னான். கொக்கி சீட்டு வெச்சு வாங்குறான். ரெண்டும் ஒண்ணா?"

"கப்புக்குச் சீட்டு தெரியாது."

அண்ணன் முகம் இறுகியது. யார்டுப் பக்கமிருந்து லாரிகளின் இரைச்சல் வந்தது. "நேரமாகுது. புத்தகத்துல எங்கயோ படிச்சதை வெச்சுக்கிட்டு என்னைப் பயமுறுத்தாத. நேத்தே உதவி பண்ணியிருந்தா இந்த அலைச்சலே இல்ல."

"புத்தகத்துல படிக்கல."

பையின் உள்ஜிப்பைத் திறந்தாள். அட்டையை எடுத்து அவன் கண்முன் பிடித்தாள். பாதிக் குமிழ்கள் காலி.

அண்ணன் அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"தோள்பட்டைக்குக் கொடுத்ததா?"

"அதுதான்."

"அது எப்பவோ ஆறிடுச்சே."

"ஆறிடுச்சு."

அவன் உதடுகள் ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தன. "நேத்து… சுத்தமில்லன்னு…"

"இதைத்தான் சொன்னேன்."

ஒரு சைக்கிள் அவர்களைக் கடந்து போனது. ஓட்டியவர் அண்ணனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அண்ணன் கவனிக்கவில்லை.

"எவன் பழக்கினான்?" என்றான். "பேரைச் சொல்லு. கையைக் காலை உடைக்கிறேன்."

"எதுவோ உடைஞ்சுதான் இது வந்தது. யாரும் பழக்கல."

"எங்க வாங்குற?"

அவள் ஷட்டரைப் பார்த்தாள். அண்ணன் திரும்பி ஓங்கி ஓர் உதை விட்டான். தகரம் தெரு முழுக்க அதிர்ந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"வெட்கமா இல்ல உனக்கு? படிச்ச பொண்ணு. வீட்டுல குழந்தை இருக்கு. அந்தக் குழந்தையை உன்கிட்ட விட்டுட்டு நாங்க கடைக்குப் போறோம்…"

"அந்தக் குழந்தை ஃப்ளாஸ்க்குலதான் நீ அதை வெச்சிருக்கே."

அவளுக்கே தன் வாயிலிருந்து வந்ததா என்று இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்று தோன்றியது. அதனால் கேட்டாள்.

"மேல ஏறுறதுக்கு முன்னாடியும் இழுக்குறியா?"

அண்ணன் சாப்பாட்டுப் பையின் வாரை முறுக்கினான். அவிழ்த்தான். மறுபடி முறுக்கினான்.

"போன வாரம் ஒரு கட்டு," என்றான், கடைசியில். "கீழ சைகை காட்டிட்டான். நிறுத்துன்னு. எனக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியுது. கைக்கு லேட்டாப் போகுது. அந்தப் பக்கம் சாமியார் கூட்டிக்கிட்டு நின்னான். தற்செயலா குனிஞ்சான். தலைக்கு மேல போச்சு. யாரும் பாக்கல."

"அவர் பாத்தாரா?"

"குனிஞ்சவன் எப்படிப் பாப்பான்? நிமிர்ந்து எனக்கு வணக்கம் வெச்சான்."

யார்டுச் சங்கு ஊதியது. அண்ணன் அவள் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் திணித்தான். ஃப்ளாஸ்க்கை எடுத்து அவள் நெஞ்சோடு அழுத்தினான்.

"வீட்டுக்குப் போ. சாயங்காலம் பேசிக்கலாம்."

"நீ என்ன பண்ணப் போறே?"

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அவள் ஷட்டர் முன்னால் நின்றாள். ஃப்ளாஸ்க் கனமாக இருந்தது. மூக்கிலிருந்து நீர் வடிந்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் தாண்டிவிட்டதை உடம்பு நினைவுபடுத்தியது. கை தானாகப் பையின் உள்ஜிப்புக்குப் போனது. ஜிப் திறந்தே கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அட்டை அவன் பையில்.

டெஸ்டுக்கு முன்னால் பையில் இருப்பதையெல்லாம் ஒரு தட்டில் கொட்டச் சொல்வார்கள். அவனே சொல்லியிருக்கிறான். மேற்குக் கிரேன்காரனைப் பிடித்ததே பையை வைத்துத்தான். அதே அட்டை, அதே சட்டைப் பை. கப்புகூடத் தேவைப்படாது.

போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓடினாள்.

யார்டு வாசலில் கம்பிக் கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு உள்ளே, கூப்பிடு தூரத்தில், ஒரு வெள்ளை வேன். அதன் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் ஒரு மேசை. நீலக் கையுறை போட்ட நர்ஸ். மேசையிலிருந்து ஆபரேட்டர்கள் வரிசையாக நின்றார்கள். அண்ணன் வரிசையில் இரண்டாவது ஆள். அவனுக்குப் பின்னால், தூரத்தில், கிழக்குக் கிரேன் ஆளில்லாமல் நின்றது. அதன் இரும்புக் கொக்கி காற்றில் மெல்ல ஆடியது.

வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்னம்மா?"

"அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

ஒரு லாரி உறுமியபடி திரும்பியது. அவள் மறுபடி சொன்னாள். உதடுதான் அசைந்தது.

"சத்தமாச் சொல்லும்மா. எறும்பு பேசுற மாதிரி பேசினா எப்படி?" அவர் பார்வை ஃப்ளாஸ்க் மேல் விழுந்தது. முகம் மலர்ந்தது. "ஓ, டீயா? டெஸ்ட் முடியிற வரைக்கும் அவங்களுக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாதும்மா. இங்க கொடுங்க, நான் பாத்துக்கிறேன். நானும் விடிஞ்சதுல இருந்து ஒரு வாய் குடிக்கல."

அவள் ஃப்ளாஸ்க்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

முன்னால் நின்றவன் கப்போடு வேனுக்குள் போனான். அண்ணன் மேசைக்கு வந்தான். நர்ஸ் ஒரு தட்டை நகர்த்தினாள். அண்ணன் சாவியைப் போட்டான். லைட்டரைப் போட்டான். சட்டைப் பையில் கையை விட்டான். கை அங்கேயே நின்றது.

அவனும் மறந்துவிட்டிருந்தான். இங்கிருந்தே தெரிந்தது.

"எல்லாத்தையும்," என்றாள் நர்ஸ்.

அட்டை தட்டில் விழுந்தது. வரிசையில் பேச்சு நின்றது. வேன் பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் இரண்டு எட்டில் மேசைக்கு வந்தார்.

"இது யாரோடது?"

அண்ணன் நிமிர்ந்தான். அவன் கண் கேட்டுக்கு வந்தது. கம்பிகளுக்குப் பின்னால் அவளைப் பார்த்தான். இடுப்புக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாத உயரத்தில், முஷ்டியை மடக்கினான். நிறுத்து.

பிறகு ஃபோர்மேனிடம் திரும்பினான். "என்னோடது."

"இல்ல," என்றாள் அவள். யாருக்கும் கேட்கவில்லை.

அண்ணன் முஷ்டி அப்படியே இருந்தது. அவள் அந்தச் சைகையை ஒருநாளும் மீறியதில்லை. ஃபோர்மேன் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொரு கை வாக்கிடாக்கியை எடுத்தது.

அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள்.

"அது என்னோடது!"

வாட்ச்மேன் துள்ளிவிட்டார். வரிசை முழுக்கத் திரும்பியது. கூட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் துடைப்பத்தோடு நிமிர்ந்தான்.

"யாருப்பா அது?" என்றார் ஃபோர்மேன்.

"ஆபரேட்டர் தங்கச்சி," என்றது ஒரு குரல்.

"எது, அந்தப் பேசாத பொண்ணா?"

"என்னோடதுதான்," என்றாள் மறுபடி. குரல் உடைந்தது, ஆனாலும் போய்ச் சேர்ந்தது. "காலையிலதான் என்கிட்ட இருந்து பிடுங்கினார். பையில போட்டதை மறந்துட்டார். அந்த மாத்திரையை அவர் சாப்பிடல. நான்தான் சாப்பிடுறேன்."

"அவ பேச்சைக் கேக்காதீங்க சார். என்னைக் காப்பாத்துறேன்னு உளறுறா. என்னோடது."

"ஒரு அட்டைக்கு ரெண்டு பேரா?" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு உடனே அடங்கியது.

நர்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். வயது அதிகமில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவளின் மூக்கைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"எழுதிக் கொடுத்ததா?"

"முதல்ல. இப்ப இல்ல."

"இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"தெரியுது." பார்வை ஃப்ளாஸ்க்குக்கு இறங்கியது. முயல் படத்தில் கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மறுபடி ஃப்ளாஸ்க்கை. "அதை மூடியே வெச்சிருங்க," என்றாள் மெதுவாக. "இங்கயே இருங்க. போயிடாதீங்க."

மேசைக்குத் திரும்பிப் போனாள். அட்டையை ஒரு கவரில் போட்டு ஒட்டினாள். உறையில் இருந்த ஒரு புதுக் கப்பை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள். எல்லோரிடமும் கேட்பதைத்தான் அவனிடமும் கேட்டிருப்பாள். குரலில் எந்த அழுத்தமும் இல்லை.

"திறக்கலாமா? இல்ல, அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

அண்ணன் கப்பைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கிக் கிழக்குக் கிரேனைப் பார்த்தான். ஏணியை, கண்ணாடிக் கூண்டை, ஆடும் கொக்கியை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவன் முதுகைப் பார்த்தார்கள். துடைப்பத்தோடு நின்றவன் மட்டும் வேறு பக்கம் பார்த்தான்.

அவள் கம்பியோடு முகத்தைச் சேர்த்தாள்.

அண்ணனின் முஷ்டி அவிழ்ந்தது. உள்ளங்கை தரையைப் பார்த்துத் திரும்பியது. இறக்கு. யாரிடம் காட்டினான் என்று தெரியவில்லை. ஒருவேளை தனக்குத்தானே.

"இருக்கு," என்றான்.

ஃபோர்மேன் வாக்கிடாக்கியைக் கீழே இறக்கினார். நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏம்பா சாமியார்," என்றான் அண்ணன். சிரிக்கப் பார்த்தான், குரல் பாதியில் பிசிறியது. "இன்னொரு துடைப்பம் இருக்கா?"

துடைப்பக்காரன் இப்போது அவனைப் பார்த்தான். "இருக்கு," என்றான். "ஆனா ஆசீர்வாதத்தைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கணும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் கேட்டை நோக்கிக் கை காட்டினாள். "அவங்களையும் உள்ள விடுங்க. ரெண்டு பேருகிட்டயும் பேசணும்."

வாட்ச்மேன் பூட்டைத் திறந்தார். கம்பிக் கதவு முனகிக்கொண்டு விலகியது. அவள் நெற்றி வியர்த்திருந்தது. மேசை வரை நடக்க வேண்டும், அத்தனை பேர் பார்க்க. சாயங்காலம் அண்ணியிடமும் சொல்ல வேண்டும். இதெல்லாம் மாத்திரை இல்லாமல்.

"அந்த ஃப்ளாஸ்க்கையாவது கொடுத்துட்டுப் போம்மா," என்றார் வாட்ச்மேன், இப்போது கொஞ்சம் மரியாதையாக. "சூடு ஆறாம நான் பாத்துக்கிறேன்."

"ஆறட்டும்," என்றாள்.

அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டது.